அடித்தல் திருத்தல் இல்லை

குளிர்பெட்டி ஒயரின் பின் கூடத்து ப்ளக்கில் நுழையவில்லை. அது பெரிய பின். அந்த வீட்டில் பெரிய பின் போகிற இடம் இரண்டுதான். ஒன்று குளியலறையில் ஹீட்டருக்கு, இன்னொன்று மணிமாறனின் அறையில். தங்கமுத்து ஒயரை இழுத்துக்கொண்டு அக்கா மகனின் அறைக்குள் போய், அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்ததைப் பிடுங்கக் கையை வைத்தார்.

"மாமா, அதப் பிடுங்காதீங்க! கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தவன் சனாவுல்லா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் செல்போன் கடையில் மணிமாறனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். பேகம்பூரிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சட்டையில் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தான்.

"ஏலே, பொணம் வெளிய கெடக்கு. ஒனக்குக் கம்ப்யூட்டர் கேக்குதோ?" என்றார் தங்கமுத்து. திட்ட ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அது.

சனாவுல்லா குளியலறைக்குப் போய் ஹீட்டரைக் கழற்றினான், எங்கிருந்தோ ஒரு நீள ஒயரைத் தேடி எடுத்து ஒட்டுப்போட்டான். பத்து நிமிடத்தில் குளிர்பெட்டி உறும ஆரம்பித்தது. வெளியே ஆம்புலன்சிலிருந்து மணிமாறனை எடுத்துவந்து உள்ளே கிடத்தினார்கள். பெற்றவள் மூக்காயி கண்ணாடி மூடியின் மேல் கவிழ்ந்து, "அப்பு, குளிருமேப்பு, ஒனக்குக் குளிரு ஆகாதேப்பு" என்று அரற்றினாள்.

மணிமாறனுக்கு இருபத்தொன்பது வயது. சின்னப் பிள்ளையிலேயே இதய வால்வில் கோளாறு. பத்து வயதில் மதுரையில் ஒரு முறை நெஞ்சைத் திறந்து மூடினார்கள். இரண்டாம் முறைக்குத் தேதி குறித்திருந்தது. அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. இன்று காலை பல் தேய்க்கப் போனவன் குழாயைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

மணிமாறனின் அப்பா உடையப்பன் இன்னும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் 'தகப்பனார் பெயர்' தப்பாக இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினார். பார்த்தவர்கள் என்ன மனுசன் இவர் என்று நினைத்திருப்பார்கள். அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நாற்பது வருடமாகக் கிரயமும் செட்டில்மென்டும் உயிலும் எழுதுகிறவர். ஒவ்வொரு பத்திரத்தின் முடிவிலும் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதுவது மட்டுமில்லை, அப்படியே இருக்கும்படியும் பார்த்துக்கொண்டவர். அந்தப் பழக்கம் அவருக்கு அழுகையை முந்திக்கொண்டு வந்துவிடும்.

சனாவுல்லா அவர் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அப்பா, மணி ஒங்ககிட்ட ஒரு கவர் குடுத்திருப்பானே."

உடையப்பன் திரும்பிப் பார்த்தார். அந்தக் கவரைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூக்காயியிடம்கூட.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மணிமாறன் அவருடைய ஆபீசுக்கு வந்தான். காக்கி உறை, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்து. உள்ளே விரல் கனத்துக்கு ஏதோ இருந்தது.

"என்னடா இது?"

"ஒரு ரகசியம்."

"யாரோடது?"

"என்னோடதுதான். பத்திரமா வச்சுக்கங்க. நான் இல்லாமப் போனா சனாவுல்லாட்ட குடுங்க. அதுவரைக்கும் நீங்களும் திறக்கக் கூடாது."

"நீ எதுக்குடா இல்லாமப் போற? வாயிலயே போடுவேன்."

"கோபப்படாதீங்க. இந்த ஊர்ல வாயத் தெறக்காத ஒரே ஆளு நீங்கதான். அதான் ஒங்ககிட்ட குடுக்கறேன்."

அது உண்மைதான். ஆத்தூர்ப் பக்கத்தில் பாதிப் பேர் எந்த மகனுக்கு எதை எழுதி வைத்தார்கள், எந்த மகளை ஒதுக்கி வைத்தார்கள் என்பதெல்லாம் உடையப்பனுக்குத் தெரியும். மூக்காயி எத்தனையோ முறை வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறாள். 'அது அவுக சமாச்சாரம், எனக்கெதுக்கு' என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை. ஆனால் அதை ஒரு பெருமையாக மகன் வாயிலிருந்து அவர் கேட்டது அன்றுதான். ஏதோ ஒரு பெண்ணின் கடிதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பீரோவில் வைத்தவர், அதன் பிறகு தொட்டதில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் இப்போது.

"அவனேதான். ஆறு மாசமா நாங்க பேசிக்கலப்பா. ஒரே மேசைல உக்காந்துக்கிட்டே பேசிக்கல. போன வாரம் அவனா வந்து சொன்னான். ஆபரேசன்ல எனக்கு எதுனா ஆச்சுன்னா அப்பாட்ட கவர் இருக்கு, வாங்கி வெளியிட்ருன்னு." சனாவுல்லா புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"இருக்கட்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், எடுத்துத் தாரேன்." உயில்களை அப்படித்தான் அவர் செய்வது வழக்கம்.

"இன்னைக்கே வேணும்ப்பா. சாயங்காலத்துக்குள்ள."

உடையப்பன் அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துவைக்கிற கல்லில் அவனை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார். பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்களிடம் விவரம் கேட்கும்போது இருக்கிற அதே முகம்.

"மொதல்லேருந்து சொல்லு."

சனாவுல்லா சொன்னான். முதல் ஆபரேசன் முடிந்து வீட்டோடு கிடந்தபோது மகனுக்கு உடையப்பன் வாங்கிக்கொடுத்த கையடக்க கேம் பெட்டி இருக்கிறதே, ஓடியாடக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு ஈடாக வாங்கிக்கொடுத்தது, அங்கிருந்து ஆரம்பித்தான். அந்தப் பெட்டிகளைச் செய்த கம்பெனி, விளையாட்டுகளை விற்ற தன் இணையக் கடையை மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளைக்கூடப் பெட்டி பழுதானால் திரும்ப ஏற்ற முடியாது. அதனால் உலகம் முழுக்க அந்தப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்து, பெட்டியின் பூட்டுக்குள் நுழைய வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏழெட்டு வருசமா தேடுறோம்ப்பா. மணி கண்டுபிடிச்சிட்டான்."

"கண்டுபிடிச்சா சொல்ல வேண்டியதுதான?"

"அதுதாம்ப்பா சண்டையே. சொன்னா கம்பெனிக்கும் தெரிஞ்சிரும். அவன் அப்டேட்னு ஒண்ண அனுப்பி ஒரே வாரத்துல வழிய அடைச்சிருவான். அப்புறம் யாருக்கும் கெடைக்காது. கம்பெனி அப்டேட் விடுறத நிறுத்தட்டும், அன்னைக்கு எல்லாருக்கும் சும்மாவே குடுக்கறேன்னான் மணி. நாங்க கேக்கல. இப்பவே குடுன்னோம். நாலு பேரு நல்லது கெட்டதத் தெரிஞ்சுக்கிட்டாத்தான வளர முடியும்னு நான்தான் ரொம்பப் பேசுனேன். பதுக்கல்காரன்னு பேரு வச்சாங்க. நானும் அப்படித்தான் கூப்ட்டேன்."

"அவன் யாருக்கும் எதையும் மறைக்கிற ஆளில்லையேடா."

"முன்னாடி இல்ல. ஏழு வருசத்துக்கு மின்ன ஒரு துப்பாக்கிச் சண்ட கேம்ல ஒரு சின்ன வழியக் கண்டுபிடிச்சான். ஆசையா, கடைக்கு வந்த நாலு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தான். அது பரவி, ஏமாத்தி ஆடுறாங்கன்னு சொல்லி நெறையப் பசங்களோட ஐடிய கம்பெனி முடக்கிருச்சு. நத்தத்துலேருந்து ஒரு அம்மா, எம்புள்ள ரெண்டு நாளா சோறு திங்கலன்னு கடைக்கு வந்து மண்ண வாரித் தூத்துச்சு. அதுலேருந்துதான் இவன் வாயத் தெறக்கறதில்ல."

உடையப்பனுக்கு அந்த நாள் நினைவு வந்தது. மகன் வந்து ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டான். நெஞ்சு வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

"போன மாசம் கம்பெனி, இனிமே அப்டேட் கெடையாதுன்னு சொல்லிருச்சு. ஆபரேசன் முடிஞ்சு வந்ததும் வெளியிடணும்னு இருந்தான். இப்ப ஒருத்தன், சாம்பல் காக்கான்னு பேரு வச்சுக்கிட்டவன், எந்த நாடுன்னே தெரியாது, மணிகிட்ட ஒண்ணுமே கெடையாது, ரெண்டு வருசமா எல்லாரையும் ஏமாத்துனான், நெசமா கண்டுபிடிச்சது நாந்தான், இன்னைக்குச் சாயங்காலம் வெளியிடுறேன்னு எழுதிருக்கான். மணி எறந்த சேதிய நான் காலைல போட்டேன். அதுக்குக் கீழயே எழுதிருக்கான்ப்பா."

"கீழயேவா?"

"ஆமாப்பா."

உடையப்பன் துவைகல்லின் ஓரத்தைத் தடவினார். "நம்ம பையன்தான் மொதல்ல கண்டுபிடிச்சான்னு எப்படி நிரூபிப்ப?"

"ரெண்டு வருசம் முன்னாடியே மணி, நம்ம கைரேகை மாதிரி, அந்த ஃபைலோட ரேகைய மட்டும் குழுவுல போட்டு வச்சிட்டான். ஹேஷ்னு சொல்வோம். அறுபத்தி நாலு எழுத்து. அத வச்சு உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஃபைல வெளியிட்டா, ரேகையோட ஒத்துப் பாத்துக்கலாம். அப்படியே இருந்தா, அன்னைக்கே அது அவன்கிட்ட இருந்துச்சுன்னு அர்த்தம்."

உடையப்பனுக்கு மறுபேச்சு வேண்டியிருக்கவில்லை. உயிலை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. உள்ளே என்ன என்று பதிவாளருக்கே தெரியாது, தேதி மட்டும் சாட்சி. அவர் தன் வாழ்நாளில் பதினேழு உயில்களை அப்படி ஒப்படைத்திருக்கிறார். பீரோவில் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படிச் செய்வான் என்று தோன்றியது.

எழுந்து போய் பீரோவைத் திறந்தார். உறையின் குறுக்கே போட்ட கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஓரத்தைக் கத்தரித்தார். உள்ளே ஒரு பென்டிரைவ் மட்டும்தான் இருந்தது.

மணிமாறனின் அறையில் அவன் துண்டு நாற்காலி முதுகில் கிடந்தது. சனாவுல்லா பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த ஒரே ஃபைலைத் திறந்தான். திரை முழுக்க இங்கிலீசும் எண்களும். அவன் படிக்க வாயெடுப்பதற்குள் வாசலில் தங்கமுத்துவின் சத்தம் கேட்டது.

"ஏப்பா சனா, நீர்மாலைக்குக் கொடம் பத்தல, மால வாங்க வண்டி வேணும். வா இங்கிட்டு."

"இப்ப வந்துர்றேம்ப்பா. வந்து அனுப்பிருவோம்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

உடையப்பன் மகனின் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதியிருந்ததில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் எந்தத் தாளைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் போகிற இடம் ஒன்று உண்டு. உச்சியில், நடுவில். அங்கே ஒரு 'உ' இருந்தது. பிள்ளையார் சுழி.

அதை அவர் மகன் போட்டதாக நினைக்கவில்லை. சுழி விஷயத்தில் அப்பனுக்கும் மகனுக்கும் பத்தாம் வகுப்பிலிருந்தே ஆகாது. பரீட்சைத் தாளில் சுழி போடாமல் எழுதிவிட்டு வந்தவனை அவர் அறைந்ததுண்டு. "எதுக்குப் போடணும்னு ஒரு காரணம் சொல்லுங்க, போடுறேன்" என்றான் அவன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. டைப்ரைட்டர் காலத்திலிருந்து அவருக்கு ஒரு கணக்கு: முப்பத்திரண்டு தட்டு வெற்றிடம், பிறகு உ, பிறகு அடுத்த வரி. அப்போதுதான் தாளின் நடுவில் போய் உட்காரும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். "நடுவுக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பட்டன் இருக்குப்பா" என்று மகன் சிரித்தான். சிரித்தவனேதான் கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதுத்தாள் திறந்தாலே சுழி தானாக வந்து நிற்கும்படி செய்துகொடுத்தான். "இனிமே நீங்க எண்ண வேணாம்." இதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் அடித்ததாக இருக்கும், தானாக வந்த சுழி என்றுதான் உடையப்பன் நினைத்தார்.

ஆனால் இது சாவு விழுந்த துட்டி வீடு. துட்டி வீட்டிலிருந்து போகிற காகிதத்தில் சுழி இருக்கக் கூடாது. கருமாதிப் பத்திரிகையில் யாராவது சுழி போடுவார்களா? உலகமெல்லாம் போகப் போகிறது, நாளைக்கு விவரம் தெரிந்த நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அவர் கை மவுசைப் பிடித்தது. அந்த வரியை மட்டும் அழித்தார். எதை மாற்றினாலும் உடனே சேமித்துவிடுவது அவர் பழக்கம். சேமித்தார்.

சனாவுல்லா வந்து, நின்றபடியே ஃபைலைக் குழுவுக்கு அனுப்பினான். அதற்குள் நீர்மாலைக்கு, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, கூப்பிட்டுவிட்டார்கள்.

தெருக்குழாயிலிருந்து குடங்களில் தண்ணீர் வந்தது. உறவுக்காரர்கள் ஆத்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் வேனில் வந்து இறங்கினார்கள். மணிமாறனைப் பெஞ்சில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள். நெஞ்சுக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஓடிய பழைய தழும்பில் தண்ணீர் வழிந்தது. பத்து வயதில் அந்தத் தழும்போடு ஒரு முழு விடுமுறையும் அவன் ஆபீசில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான் என்பது உடையப்பனுக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, அப்பாவின் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவர் ஒரு சொம்பு தண்ணீரை மகன் தோளில் மெதுவாக ஊற்றினார். எதற்கு மெதுவாக ஊற்றுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் சனாவுல்லாவின் முகம் தெரிந்தது. காலையில் அழுத முகமில்லை அது. வேறு எதற்கோ பயந்த முகம். உடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போனார்.

"என்னப்பா?"

"ஒத்து வரலப்பா."

"எது?"

"ரேகை. ரெண்டு வருசம் முன்னாடி அவன் போட்ட எழுத்து வேற, இந்த ஃபைலுக்கு வர்ற எழுத்து வேற. ஒண்ணுகூடச் சேரல." போனை நீட்டினான். இங்கிலீசில் வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. "சிரிக்கிறாங்கப்பா. செத்தும் ஏமாத்துறான்னு ஒருத்தன் எழுதிருக்கான். நேத்து எங்கயோ திருடுனத ரெண்டு வருசத்துக்கு முந்தினதுங்கறான்னு சாம்பல் காக்கா போட்டிருக்கான். நம்ம ஆளுங்களே ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க."

"எதனால அப்படி வரும்?"

"ஒரே ஒரு எழுத்து மாறுனாப் போதும்ப்பா. ஒரு புள்ளி கூடுனாலும் கொறஞ்சாலும் ரேகை மொத்தமா வேற ஆயிரும். அவன் பின்னாடி எதையாவது திருத்திட்டானோ என்னவோ. இல்ல..." சனாவுல்லா தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல, நெசமாவே அன்னைக்கு அவன்கிட்ட ஒண்ணும் இல்லாம..."

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. மணிமாறனுக்காக உலகத்தில் பேசுவதற்கு இருந்த ஒரே சிநேகிதன் அவனைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான்.

அறையில் உடையப்பன் தனியாக உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்க் கொள்ளிச்சட்டியைத் தூக்கினால் கேட்க ஆளில்லை. வாயை மூடிக்கொள்வது அவருக்குப் புதிதும் இல்லை. பத்திரத்தில் ஒரு சொல் அடிபட்டால் ஓரத்தில் எழுதிக்காட்டிக் கையெழுத்துப் போடாமல் விடாத மனுசன், பெற்ற பிள்ளையின் எழுத்தில் கைவைத்துவிட்டு ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் எழுந்து வந்திருக்கிறார்.

"அவன் மாத்தல" என்றார். "நாந்தாம்ப்பா மாத்துனேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"மேல ஒரு சுழி இருந்துச்சு. துட்டிக்கு ஆகாதேன்னு அழிச்சிட்டேன். வா."

சங்கு ஊத ஆரம்பித்திருந்தது. வாசலில் பாடை தயாராக இருந்தது. கூடத்தைத் தாண்டி மகனின் அறைக்குப் போனவரைத் தங்கமுத்து வழிமறித்தார்.

"மச்சான், எங்க போறீக? தூக்கணும். மயானத்துல ஆளு காத்துக்கிட்டு இருக்கு. நேரமாச்சு."

"செத்த நேரம் இரு."

"இப்பப் போய்க் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா சனம் என்ன பேசும்?"

"என்னத்தையும் பேசட்டும். பொய்யன்ங்கற பேரோட எம்மவன நான் எரிக்க மாட்டேன்."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. குளிர்பெட்டி இருந்த இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த மூக்காயி தலையைத் தூக்கினாள். என்ன ஏது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அவர விடு தங்கமுத்து" என்றாள்.

சனாவுல்லா ஃபைலைத் திறந்து, விசைகளைத் தமிழுக்கு மாற்றி, முதல் வரியில் ஒரு 'உ' அடித்தான். ரேகை எடுத்துப் பார்த்தான். சேரவில்லை. உ-வுக்குக் கீழே ஒரு வரி விட்டுப் பார்த்தான். அதுவும் சேரவில்லை.

"வேற ஒண்ணும் இல்லியாப்பா மேல? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"வேற ஒண்ணும் இல்ல. சுழி மட்டுந்தான். நடுவுல இருந்துச்சு."

"நடுவுலயா?" சனாவுல்லா அவரைப் பார்த்தான். "இதுல நடுவுக்குக் கொண்டுபோற பட்டன் கெடையாதுப்பா. இது வெறும் எழுத்து ஃபைல். தட்டித் தட்டித்தான் நகத்தணும். எத்தன தட்டுன்னு எப்படித் தெரியும்?"

உடையப்பன் அவன் தோளைத் தொட்டார். பிறகு, "எந்திரி" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதல் வரியின் ஆரம்பத்துக்குப் போனார். வலது கட்டைவிரலை நீளப் பட்டனின் மேல் வைத்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

முணுமுணுப்பாகத்தான் ஆரம்பித்தார். பத்தைத் தாண்டியபோது குரல் தானாக உயர்ந்தது. கூடத்தில் சங்கு நின்றிருந்ததால் எண்ணுவது எல்லோருக்கும் கேட்டது. பதினெட்டு, பத்தொன்பது. முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, அவரோடு சேர்ந்து எண்ணும் ஒரு குரல் அவர் காதில் இருந்தது. இருபத்தி நாலில் அவர் நிறுத்தினால் அது 'இன்னும் எட்டுப்பா' என்று சொல்லும். இருபத்தி ஒன்பது. முப்பது. முப்பத்தி ஒன்று.

"முப்பத்தி ரெண்டு."

உ. அடுத்த வரி. சேமித்தார்.

சனாவுல்லா குனிந்து ரேகையை எடுத்தான். மேலே பழையது, கீழே புதியது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போனான். பாதியிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் கடைசி எழுத்துவரை போனான்.

"ஒத்துப்போச்சுப்பா" என்றான். குழுவுக்கு அனுப்பிவிட்டு, போனைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தான்.

உடையப்பன் எழுந்திருக்கவில்லை.

"இது என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்சதா தம்பி? சுழி தானா வர்றாப்புல பண்ணிக் குடுத்தானே, அதுல?"

"இல்லப்பா. இந்த வேலையெல்லாம் இதே மெசின்ல, இதே நாற்காலில உக்காந்துதான் பண்ணுவான். இதுல எதுவும் தானா வராது. ஒவ்வொரு தட்டும் அவன் தட்டுனதுதான்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதில் இன்னும் அவன் சோப்பு வாசனை இருந்தது. தங்கமுத்து வாசற்படிவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகுதான் தூக்கினார்கள். சனாவுல்லா ஒரு பக்கம் தோள் கொடுத்தான். உடையப்பன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். மகனின் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அது துடிக்க ஆரம்பித்து, மயானம்வரைக்கும் துடித்துக்கொண்டே இருந்தது.

மயானத்து ஆபீசில் இருந்தவர், ஃபாரம் தீர்ந்துவிட்டது என்றார். "ஒரு வெள்ளத்தாள்ல எழுதிக் குடுத்துருங்க சார். எறந்தவரு பேரு, வயசு, தகப்பனாரு பேரு, என்ன காரணம். அது போதும்."

"நான் எழுதட்டுமாப்பா?" என்று சனாவுல்லா பேனாவுக்குக் கை நீட்டினான். "நீங்க வேணா போனப் பாருங்க. எங்கெங்கேருந்தோ எழுதுறாங்க. சாம்பல் காக்கா போட்டத எடுத்துட்டான்."

"நான் எழுதறேன்" என்றார் உடையப்பன்.

தாளை நேராக வைத்தார். பேனா உச்சிக்குப் போய், நடுவில், தாளைத் தொடாமல் நின்றது. இடது கையின் கட்டைவிரல் மேசை விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ்காரர் ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்திரண்டில் தட்டுவது நின்றதும் உடையப்பன் பேனாவை இரண்டு விரற்கடை கீழே இறக்கி, இறந்தவர் பெயர் உ. மணிமாறன் என்று எழுத ஆரம்பித்தார்.

எழுதி முடித்த தாளை ஆபீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு அடித்தல் இல்லை.

"ஏன் சார், மேல இம்புட்டு எடத்தச் சும்மா விட்ருக்கீங்க? அதுல எதுவும் எழுதணுமா?"

"இல்ல" என்றார் உடையப்பன். "அது அப்படியே இருக்கட்டும்."